முப்பத்தைந்து வயதுக்கு மேல் மறுபடி கல்லூரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1999-இல் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. படிப்பு அங்கேயே நின்றது. 2016-இல், 36 வயதில், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். சேர்ந்து 2019-இல் முடித்தேன். இப்போது கரூரில் ஒரு டெக்ஸ்டைல் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மறுபடி படிக்க நினைப்பவர்களுக்கு விண்ணப்பம் போட உதவுவது கொஞ்ச வருடங்களாக என் ஞாயிற்றுக்கிழமை வேலை. வருகிறவர்களில் பெரும்பாலானோர் 30-லிருந்து 50 வயதுக்குள் இருப்பவர்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்கு 42 வயது. இனிமேல் கல்லூரியில் சேர்த்துக்கொள்வார்களா?

சேர்த்துக்கொள்வார்கள். தொலைநிலைக் கல்வியில் பி.ஏ., பி.காம்., எம்.ஏ. போன்ற படிப்புகளுக்கு உச்ச வயது கிடையாது. என்னுடைய நேர்முக வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தவர் ஓய்வு பெறப்போகும் ஒரு நடத்துநர். பக்கத்தில் ஓர் அங்கன்வாடி ஊழியர், பின்னால் இரண்டு காவலர்கள், ஜன்னல் ஓரம் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண். கல்லூரி வாசலில் எல்லாரும் என்னையே பார்ப்பார்கள் என்று பயந்துகொண்டு போனவள் நான். உள்ளே போனால் சின்ன வயதுக்காரர்கள்தான் குறைவு.

எந்தப் படிப்பில் சேரட்டும்?

பத்துப் பேர் வந்தால் ஒன்பது பேர் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். நான் உடனே பதில் சொல்வதில்லை. "படித்து முடித்த மறுநாள் காலையில் நீங்கள் எங்கே இருக்க வேண்டும்?" என்று திருப்பிக் கேட்பேன். எந்த வேலை என்று முடிவாகிவிட்டால் அதற்கு என்ன படிப்பு என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும். படிப்பை முதலில் பிடித்துக்கொண்டு, முடித்த பிறகு வேலை தேடியவர்கள்தான் மூன்று வருடம் கழித்து அதே நாற்காலியில் உட்கார்ந்து "இப்போது என்ன செய்வது அக்கா?" என்கிறார்கள். 18 வயதில் அப்படிப் போனால் தப்பில்லை, திருத்திக்கொள்ள வயது இருக்கிறது. நமக்கு அந்த மூன்று வருடம் பெரிது.

படிக்க வருகிறவர்களின் காரணங்கள் வேறு வேறாக இருக்கும். சிலருக்கு, ஒரு பட்டம் இருந்தால்தான் திறக்கும் கதவு முன்னால் இருக்கிறது, அதாவது பதவி உயர்வு, தேர்வெழுதும் தகுதி, கம்பெனியில் அடுத்த நிலை. இவர்களுக்குப் பாடம் எது என்பதைவிட அங்கீகாரமும் நேரமும் முக்கியம். இன்னும் சிலர் தொழிலையே மாற்ற வந்தவர்கள். இவர்கள் பாடத்தை மிகக் கவனமாகத் தேர்வு செய்ய வேண்டும். மூன்றாவதாக, படிக்கவே ஆசை, அன்று முடியவில்லை, இன்று முடியும் என்று வருகிறவர்கள். இவர்களைப் பார்த்தால் எனக்குத் தனிச் சந்தோஷம். தமிழ் இலக்கியமோ வரலாறோ, மனசு எதைக் கேட்கிறதோ அதைப் படியுங்கள், யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இரண்டாவது ஆள் தன்னை மூன்றாவது ஆள் என்று நினைத்துக்கொண்டு சேர்ந்துவிடக் கூடாது.

சரி, எந்த வேலை என்பதை எப்படி முடிவு செய்வது?

நான் எல்லாரையும் செய்யச் சொல்லும் மூன்று காரியங்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் காசு தேவையில்லை.

ஒரு நோட்டில், இதுவரை நீங்கள் செய்த வேலைகளை எழுதுங்கள். சம்பளம் வாங்காத வேலையும் சேர்த்தி. "நான் சும்மா வீட்டில்தான் இருந்தேன்" என்று சொன்ன ஒரு பெண், பேசப் பேச, 12 வருடமாக ஒரு மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கு நோட்டை எழுதி வந்தது தெரிந்தது. வங்கிக் கடன், தவணை, வட்டி, தீர்மானப் புத்தகம் எல்லாம் அவர் கையெழுத்துதான். அவருக்கு எதுவும் தெரியாது என்று யார் சொல்ல முடியும்? இந்த வயதில் நம்முடைய முதல் சொத்து அனுபவம். அதை உதறிவிட்டுப் புதுத் துறையில் 21 வயதுப் பையனோடு ஒரே வரிசையில் நிற்பதைவிட, அந்த அனுபவத்தின் மேல் ஒரு சான்றிதழை ஏற்றிவைப்பது சீக்கிரம் பலன் தரும்.

அப்புறம், நீங்கள் நினைக்கும் வேலைக்கு உங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் வந்த பத்து விளம்பரங்களைச் சேர்த்து, என்ன தகுதி கேட்கிறார்கள் என்று அப்படியே எழுதுங்கள். நான் 2015 கடைசியில் இதைச் செய்தேன். கணக்கர் வேலைக்கான எல்லா விளம்பரத்திலும் பி.காம்., டேலி என்ற கணக்கு மென்பொருள் இரண்டும் இருந்தன. எனக்கு அதுவரை மறுபடி வேதியியல் முடிக்க வேண்டும் என்றுதான் ஆசை. கரூரில் வேதியியல் பட்டத்துக்குச் சாயப்பட்டறை ஆய்வகம் மாதிரி சில இடங்கள்தான் தென்பட்டன, அங்கேயும் 40 வயதில் புதிதாக வரும் பெண்ணை எடுக்கத் தயங்கினார்கள். மனசு கேட்கவில்லைதான். இரண்டு நாள் அழுதேன். பிறகு பி.காம். விண்ணப்பம் வாங்கினேன்.

மூன்றாவதுதான் முக்கியம், இதைத்தான் எல்லாரும் தட்டிக்கழிக்கிறார்கள். அந்த வேலையைச் செய்கிற ஒருவரோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியர் வேலைக்கு ஆசைப்பட்டால் ஒரு பள்ளியில் போய் இருங்கள். வக்கீல் என்றால் நீதிமன்ற வளாகத்தில் காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை நில்லுங்கள். தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரின் ஆடிட்டர் அலுவலகத்தில் நான் ஒரு நாள் இருந்தேன். அது தாக்கல் செய்யக் கடைசி நாள். ஒருவரும் மதியம் சாப்பிடவில்லை, பில் கட்டுகள் மேசையிலிருந்து தரைக்கு இறங்கியிருந்தன, ஒரு பையன் காலை மடக்கித் தரையில் உட்கார்ந்து தேதி வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான். எனக்கு அந்தப் பரபரப்பு பிடித்திருந்தது. என்னோடு வந்த தோழிக்குத் தலைவலி வந்துவிட்டது. அவர் தையல் தொழில்நுட்பம் படிக்கப் போனார், அவருக்கு அதுதான் சரி.

கடைசியாக வயதுக் கணக்கு. முடிக்கும்போது உங்களுக்கு என்ன வயது, அதற்குப் பிறகு எத்தனை வருடம் வேலை செய்வீர்கள்? தமிழ்நாடு அரசுப் பணியில் ஓய்வு வயது 60. தனியாரில் உடம்பு ஒத்துழைக்கும் வரை. 40-இல் சேர்ந்து 43-இல் முடித்தால் 17 வருடம் மீதி. அது குறைவான காலம் இல்லை. ஆனால் ஐந்து வருடப் படிப்பு, மூன்று வருடப் பயிற்சி, அப்புறம்தான் வருமானம் என்றால் யோசித்துப் பாருங்கள்.

பட்டம்தான் வேண்டுமா? கைத்தொழில் படித்தால் ஆகாதா?

பல பேருக்கு அதுதான் நல்லது. பஸ் பாடி பட்டறையில் பதினைந்து வருடம் வயரிங் வேலை பார்த்த ஒரு தம்பி, பி.ஏ. சேர விண்ணப்பத்தோடு வந்தார். எதற்கு என்றால், "டிகிரி இருந்தால் மதிப்பாங்க" என்றார். அவருக்குத் தேவைப்பட்டது அவர் தொழிலுக்கான சான்று. வயரிங் அனுபவம் உள்ளவர்களுக்காக மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்றைத் தமிழ்நாடு அரசு நடத்துகிறது, அரசு ஐ.டி.ஐ.யில் போய் விசாரிக்கலாம். ஐ.டி.ஐ. சேர்க்கையிலேயே ஆண்களுக்கு 40 வயது வரை இடம் உண்டு, பெண்களுக்கு உச்ச வயதே கிடையாது. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் தருகிறார்கள். முழுநேர வகுப்பு என்பதால் வீட்டில் வேறு ஒரு வருமானம் இருக்க வேண்டும், அதுதான் சிக்கல்.

தொலைநிலைப் பட்டத்துக்கு மதிப்பு இருக்கிறதா?

சட்டப்படி இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தின் தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., 2022-இல் மறுபடி தெளிவாக அறிவித்தது. அரசுத் தேர்வுகளுக்கும் மேற்படிப்புக்கும் செல்லும். நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1971-இலேயே அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிவிட்டது. அண்ணாமலை 1979, சென்னைப் பல்கலைக்கழகம் 1981, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ 1985, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002. இந்தப் பட்டங்களோடு வேலைக்குப் போய் ஓய்வும் பெற்றுவிட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

தனியார் நிறுவனங்களில் சில இடங்களில் "ரெகுலரா, கரஸ்ஸா?" என்று கேட்பார்கள். பெரிய நிறுவனங்கள் சில புது ஆட்களை எடுக்கும்போது ரெகுலர் மட்டும் என்று எழுதியே போடுவதும் உண்டு. ஆனால் பத்து வருட அனுபவத்தோடு போகிறவரிடம் அந்தக் கேள்வி இரண்டாவது நிமிடத்திலேயே முடிந்துவிடும். என் நேர்காணலில் பட்டச் சான்றிதழைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கணினி முன் உட்காரவைத்து, பேங்க் ரீகன்சிலியேஷன், அதாவது வங்கிக் கணக்கையும் நம் கணக்கையும் ஒத்துப்பார்க்கும் பட்டியல், போடச் சொன்னார்கள்.

போலி மையங்களில் ஏமாறாமல் இருப்பது எப்படி?

நான் ஏமாந்திருக்கிறேன், அதனால் இதை விரிவாகச் சொல்கிறேன். 2011-இல் பேருந்து நிலையம் பக்கம் ஒரு மாடியில் இருந்த மையத்தில் 14,000 ரூபாய் கட்டினேன். ஏதோ ஒரு வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பலகையில் எழுதியிருந்தார்கள். "ஒன் சிட்டிங், ஒரே வருடத்தில் டிகிரி, தேர்வை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்றார்கள். என் தாலிக்கொடியோடு சேர்ந்திருந்த இரண்டு குண்டுமணியை விற்ற காசு அது. நான்கு மாதத்தில் பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டில் சொல்லவே எனக்கு ஆறு மாதம் ஆனது. மறுபடி படிப்பு என்ற பேச்சை எடுக்க ஐந்து வருடம் ஆனது. பணத்தைவிட அந்த ஐந்து வருடம்தான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

அதனால் கேளுங்கள். மூன்று ஆண்டுப் பட்டத்தை ஒரே ஆண்டில் தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிப்பைத் தொலைநிலையில் நடத்தலாம் என்ற பட்டியல் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் இருக்கும். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, நீங்கள் சேரும் படிப்பும் சேரும் ஆண்டும் அதில் இருக்க வேண்டும். ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாநில எல்லைக்கு வெளியே தொலைநிலை மையம் நடத்தக் கூடாது, தனியாருக்குக் குத்தகைக்கு விடவும் கூடாது. கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்திலேயே கட்டுங்கள். கையில் பணம் கேட்டு, வெள்ளைத்தாளில் ரசீது எழுதித் தரும் இடத்தில் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

நான் பத்தாவதே முடிக்கவில்லை. நேரடியாகப் பட்டம் சேர முடியும் என்கிறார்களே?

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு பட்டம் என்ற வரிசையில் இல்லாத திறந்தநிலைப் பட்டத்தை அரசு வேலைக்கு ஏற்பதில்லை என்று தமிழ்நாடு அரசு 2009-இல் ஆணையே போட்டது. பட்டம் இல்லாமல் நேரடியாக வாங்கிய எம்.ஏ. செல்லாது என்று உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டில் சொன்னது. பழைய கதையை நம்பி எம்.ஏ. வரை படித்துவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு.

பத்தாவதைத் தனித்தேர்வராக மாநிலப் பாடத்திட்டத்திலேயே எழுதலாம். அல்லது தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் ஐந்து பாடம் எடுத்து, ஒவ்வொன்றாகக்கூட முடிக்கலாம். பத்தாவது முடித்து இரண்டு ஆண்டு ஐ.டி.ஐ. படித்தவர்கள் தமிழ், ஆங்கில மொழித்தேர்வு எழுதி பன்னிரண்டுக்கு இணையான சான்று பெறும் வழியும் இங்கே இருக்கிறது. இரண்டு வருடம் கூடுதலாகிறதே என்று மலைப்பாக இருக்கும். ஆனால் அடித்தளம் போடாமல் மாடி கட்டினால் என்ன ஆகும் என்பது கொத்தனாருக்குத் தெரியும், நமக்கும் தெரியும்.

20 வருடத்துக்கு முன் விட்ட அரியர்களை இப்போது எழுத முடியுமா?

சில சமயம் முடியும். பல்கலைக்கழகங்கள் அவ்வப்போது சிறப்பு வாய்ப்பு அறிவிக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகம் 2021-இல் இருபது ஆண்டுக்கு முன் சேர்ந்தவர்களுக்குக்கூட அப்படி ஒரு வாய்ப்பு கொடுத்தது. ஒன்றிரண்டு தாள் மட்டும் பாக்கி என்றால், புதுப் படிப்பில் சேரும் முன் பழைய கல்லூரி அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். பதிவெண், பாக்கி உள்ள தாளின் பெயர், குறியீடு இவற்றை எழுதிக்கொண்டு போங்கள். ஏழெட்டுத் தாள் பாக்கி, பாடத்திட்டமும் மாறிவிட்டது என்றால் முதலிலிருந்து தொடங்குவதே நிம்மதி. நான் அப்படித்தான் செய்தேன்.

சான்றிதழ் தொலைந்துவிட்டது. பெயரும் இன்ஷியலும் வேறு வேறாக இருக்கிறது. என்ன செய்வது?

பெண்களுக்கு இது பெரிய தலைவலி. மதிப்பெண் சான்றிதழில் அப்பாவின் இன்ஷியல் இருக்கும், கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆதாரில் வீட்டுக்காரரின் இன்ஷியல் இருக்கும். முன்பெல்லாம் கல்லூரியில் கேட்டால் ஒரு உறுதிமொழிக் கடிதத்தோடு முடிந்துவிடும். 2024-லிருந்து தொலைநிலையில் சேர டெப் ஐ.டி. என்று, யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் எண் ஒன்று எடுக்க வேண்டும், அதற்கு முன்னால் ஏ.பி.சி. ஐ.டி., அதாவது படிப்பில் எடுக்கும் கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் கணக்கின் எண், வேண்டும். இவை ஆதார் விவரத்தோடு ஒத்துப்பார்த்துத்தான் உருவாகும். ஓர் எழுத்து மாறினாலும் கணினி மறுக்கும். போன ஜூலையில் ஓர் அக்காவுக்கு "க." என்பது "எஸ்." ஆகியிருந்ததால் மூன்று முறை இ-சேவை மையத்துக்கு அலைந்தோம். கடைசி நாளுக்கு முந்தின நாள்தான் சரியானது. அதனால் விண்ணப்பத் தேதி வருவதற்கு இரண்டு மாதம் முன்பே எல்லாச் சான்றிதழையும் தரையில் பரப்பி, பெயர், இன்ஷியல், பிறந்த தேதி மூன்றையும் ஒத்துப்பாருங்கள். மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடி ஆதாரை மாற்றிக்கொள்வது சுலபம்.

தொலைந்த சான்றிதழுக்குத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் ஆவணம் தொலைந்ததாகப் பதிந்து, படித்த பள்ளியின் வழியாக நகல் கேட்கலாம். தாசில்தார் அலுவலகமும் போக நேரலாம். மாதக்கணக்கில் ஆகும். படித்த பள்ளி மூடப்பட்டிருந்தால் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள்.

இந்த வயதில் அரசு வேலைக்கு முயலலாமா?

உங்கள் பிரிவையும் பதவியையும் பொறுத்தது. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில், கேட்கும் அடிப்படைத் தகுதிக்கு மேல் படித்திருக்கும் பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்குப் பல பதவிகளில் உச்ச வயது இல்லை. ஆதரவற்ற விதவைகளுக்கும் அப்படித்தான். பொதுப் பிரிவினருக்கு வரம்பு உண்டு. மத்திய அரசின் குடிமைப் பணித் தேர்வு வேறு, அங்கே பொதுப் பிரிவுக்கு 32, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 35, பட்டியல் பிரிவுகளுக்கு 37. அறிவிப்பில் வயது என்ற பகுதியை நீங்களே படியுங்கள், பயிற்சி மையம் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். அரசுத் தேர்வை மட்டும் நம்பி, இருக்கும் வேலையை விடாதீர்கள். அறிவிப்பு வரலாம், தள்ளிப்போகலாம், வழக்கில் நிற்கலாம். வீட்டுச் செலவு நிற்காது.

ஏற்கெனவே அரசுப் பணியில் இருப்பவர்கள் படிப்பில் சேரும் முன் துறையிடம் முன் அனுமதி வாங்கிக் கோப்பில் வையுங்கள். வாங்காமல் படித்தால் பதவி உயர்வின்போது அதுவே வினையாக வந்து நிற்கும்.

வக்கீல், டீச்சர், நர்ஸ், இன்ஜினியர்: இவற்றையும் தொலைநிலையில் படிக்கலாமா?

பொறியியல், மருத்துவம், நர்சிங், மருந்தியல், பிசியோதெரபி, சட்டம் இவை எதையும் தொலைநிலையில் நடத்த யு.ஜி.சி. அனுமதிப்பதில்லை. யாராவது தருகிறேன் என்றால் அது செல்லாது.

சட்டம் என்றால் பட்டம் முடித்தவர்களுக்கு மூன்றாண்டு எல்.எல்.பி. இருக்கிறது. தினமும் வகுப்பு, வருகைப்பதிவு கட்டாயம், முடித்த பிறகு பார் கவுன்சில் தேர்வு. முதல் சில வருடம் சீனியரிடம் கைச்செலவுக் காசுதான் கிடைக்கும். சேமிப்பு இருந்தால் இறங்குங்கள். பேச்சும் பொறுமையும் உள்ள நாற்பது வயதுக்காரருக்குக் குடும்ப வழக்கு, சொத்து வழக்குகளில் கட்சிக்காரர் நம்பிக்கை சீக்கிரம் கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பி.எட். 2015-லிருந்து இரண்டு ஆண்டு. தொலைநிலை பி.எட். உண்டு, ஆனால் அது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களுக்கானது. டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவர்கள் பி.இ.க்கு மாலை நேரப் பகுதிநேர வகுப்பில் சேரலாம். கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் நடக்கிறது. வேலையை விடாமல் பொறியியல் படிக்க எனக்குத் தெரிந்த நேர்மையான வழி அதுதான்.

கணக்குத் துறை எப்படி? சி.ஏ. படிக்க வயது தாண்டிவிட்டதா?

ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ.வுக்கும், செலவுக் கணக்குப் படிப்பான சி.எம்.ஏ.வுக்கும் வயது வரம்பே கிடையாது. பி.காம்.இல் 55 சதவீதம் இருந்தால் சி.ஏ.வின் இரண்டாம் நிலையான இன்டருக்கு நேரடியாகப் பதியலாம். ஆடிட்டரிடம் செய்யும் ஆர்டிகிள்ஷிப் பயிற்சி 2023 மாற்றத்துக்குப் பிறகு மூன்று ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டாகக் குறைந்தது. ஆனாலும் அந்த இரண்டு ஆண்டில் கிடைக்கும் உதவித்தொகையில் குடும்பம் நடத்த முடியாது. வேலையில் இருந்துகொண்டே படிக்க சி.எம்.ஏ. கொஞ்சம் வசதி, பட்டதாரிகள் முதல் நிலை எழுத வேண்டியதில்லை.

இரண்டும் வேண்டாம், வேலை போதும் என்றால் பி.காம்., டேலி, ஜி.எஸ்.டி. தாக்கல், எக்செல் இந்த நான்கும் இருந்தால் கரூர், திருப்பூர், ஈரோடு பக்கம் உங்களைச் சும்மா இருக்க விட மாட்டார்கள். 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது நான் இரண்டாம் ஆண்டு. முப்பது வருடம் கணக்கு எழுதிய பெரியவர்களும் நானும் ஒரே நாளில் புதிதாகக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தோம். என் வயது அன்றைக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை.

செலவு எவ்வளவு ஆகும்? கடன் வாங்கலாமா?

தொலைநிலை பி.ஏ., பி.காம். படிப்புக்குக் கடன் தேவைப்படாது. நான் மூன்று ஆண்டுக்கும் சேர்த்துக் கட்டியது ஒரு நல்ல போன் விலைக்குள் அடங்கியது. பேருந்து, நகல் எடுப்பது, தேர்வுக் கட்டணம் இவற்றுக்குத் தனியாக எடுத்து வையுங்கள். முழுநேரப் படிப்பு என்றால் வங்கிக் கல்விக் கடன் உண்டு. கட்டும் வட்டிக்கு வருமான வரியில், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு, எட்டு ஆண்டு வரை கழிவு கிடைக்கும். நகையை வைத்துப் படிப்பதானால் வீட்டில் கலந்து பேசிச் செய்யுங்கள்.

வேலை, வீடு, பிள்ளைகள். படிக்க நேரம் எங்கே?

காலை நான்கரை மணி. எனக்கு வேறு நேரம் கிடைக்கவில்லை. ஆறு மணிக்குப் பால் காய்ச்சும் வரை ஒன்றரை மணி நேரம் என்னுடையது. முதல் மாதம் புத்தகத்தின் மேலேயே தூங்கினேன். இரண்டாவது மாதம் பழகிவிட்டது. இரவில் படிக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள், பாத்திரம் கழுவி முடித்த உடம்பு ஒத்துழைக்காது. சிலருக்குப் பேருந்துப் பயணம்தான் படிப்பு நேரம். குளித்தலையிலிருந்து தினமும் வந்துபோகும் ஒரு தம்பி பாடத்தைத் தானே படித்து போனில் பதிந்து, போகவர அதைக் கேட்டே தேறினார்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு, நான் பி.காம். முதலாண்டு. ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்வோம். அவளுக்கு அல்ஜீப்ரா, எனக்கு ஐந்தொகை, அதாவது பேலன்ஸ் ஷீட். இரண்டும் சமன் ஆக வேண்டும் என்று அவள்தான் ஒருநாள் சொன்னாள்.

"இந்த வயதில் எதற்கு?" என்று வீட்டில் கேட்கிறார்களே?

என் மாமியாரும் கேட்டார். நான் பதில் சொல்லிப் பயனில்லை என்று விட்டுவிட்டேன். முதல் ஆண்டு மதிப்பெண் பட்டியல் வந்த அன்று அதை வாங்கிப் பார்த்து, எழுத்துக்கூட்டி என் பெயரைப் படித்தார். அதற்குப் பிறகு தேர்வு நாட்களில் காலைச் சமையல் அவருடையதானது. எல்லா வீட்டிலும் இப்படி நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். சம்மதம் கிடைக்கும்வரை காத்திருந்தால் சிலருக்கு அது கிடைக்காமலே போகும். விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

ஆங்கிலம் வராதே?

தமிழ்வழியில் படியுங்கள், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பாடநூல்களே தமிழில் கிடைக்கும். கூடவே உங்கள் துறையின் ஆங்கிலச் சொற்களை மட்டும் தனி நோட்டில் எழுதி வாருங்கள். தேய்மானம் என்று படித்தவள் அலுவலகத்தில் டிப்ரிசியேஷன் என்றதும் முழித்தேன். அப்படி ஒரு இருநூறு சொல், அவ்வளவுதான்.

தேர்வை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பாடம் மறந்துபோகும் என்று பயப்படுகிறீர்கள். நான் பயப்படாத ஒன்றில்தான் மாட்டினேன். 18 வருடம் கழித்து முதல் தேர்வு. முப்பத்தைந்தாவது நிமிடத்தில் கட்டைவிரலின் அடியிலிருந்து முழங்கை வரை இழுத்துப் பிடித்துக்கொண்டது. பேனாவைக் கீழே வைத்து, கையை உதறி, மறுபடி எடுத்தால் எழுத்து கோணல்மாணல். மளிகைச் சீட்டும் பள்ளி லீவு லெட்டரும் தவிர வேறு எதுவும் எழுதாத கைக்கு மூன்று மணி நேரம் என்பது பழக்கமே இல்லை. கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியும், எழுத முடியவில்லை.

அதனால் தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பே தினம் இரண்டு பக்கம் கையால் எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து நான்கு பக்கம். கடைசி இரண்டு ஞாயிறு கடிகாரம் வைத்து மூன்று மணி நேரம் முழுத்தாள் எழுதிப் பாருங்கள். 40 தாண்டியவர்கள் அதற்கும் முன் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். சாளேஸ்வரம் வந்ததே தெரியாமல், வினாத்தாளைத் தூரத் தள்ளிப் பிடித்துப் படித்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். அசைன்மென்டை யாரிடமும் காசு கொடுத்து எழுத வாங்காதீர்கள். மதிப்பெண்ணுக்காக மட்டும் சொல்லவில்லை, அதுதான் கைக்குக் கிடைக்கும் முதல் பயிற்சி.

எப்போது சேர வேண்டும்?

இக்னோவிலும் தமிழ்நாடு திறந்தநிலையிலும் வருடத்துக்கு இரண்டு சேர்க்கை, ஜனவரியில் ஒன்று, ஜூலையில் ஒன்று. பட்டப் படிப்பு குறைந்தது மூன்று ஆண்டு, இக்னோவில் ஆறு ஆண்டு வரை நீட்டிக்கலாம். இடையில் பிரசவமோ உடம்பு முடியாமையோ வந்தால் பதறாதீர்கள். இந்த வாரம் செய்ய ஒரு வேலை வேண்டுமென்றால், பீரோ மேல் இருக்கும் அந்தப் பழைய மஞ்சள் கவரை இறக்கி, பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்ஷியலைப் பாருங்கள்.